கிரேக்கர் மொழியில் வேடமும் வஞ்சனையும்

ஏதென்ஸ் நகருக்குச் சட்டம் வகுத்தளித்த சோலன் தம் முதுமைப் பருவத்தில் ஒருநாள் நாடகம் காணச் சென்றார் எனப் புளூற்றாக் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். நாடகம் என்னுங் கலை அப்பொழுதுதான் அந்நகரில் தலைகாட்டியிருந்தது. தெஸ்பிஸ் என்னும் புலவர் தாமே பாட்டியற்றித் தாமே வேடம் புனைந்து ஆடினார். ஆட்டம் முடிந்தபின் சோலன் அவரை அழைத்து, இத்துணை மக்கள் முன்னிலையில் இவ்வளவு பொய் கூற நாணமில்லையோ என வினவினார். விளையாட்டாகக் கூறுவதிற் குற்றமில்லை என்பது தெஸ்பிஸின் விடை. அது கேட்ட சோலன் கைக்கோலால் நிலத்தை ஓங்கியடித்து, இவ்விளையாட்டை இன்று போற்றுவோமாயின் நாளை நம் உடன்படிக்கைகளிலும் இதனைக் காண்போம் என்று சினந்துரைத்தாராம்.

கதை அவ்வளவில் நிற்கவில்லை. சில காலத்தின் பின் பீசிஸ்திராத்தஸ் என்பவன் தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொண்டு, வண்டியேறிச் சந்தைவெளிக்கு வந்து, பகைவர் தன்னைக் கொல்ல முயன்றனர் என்று முறையிட்டான். மக்கள் மனமிரங்கித் தடியேந்திய காவலரை அவனுக்கு அளித்தனர். அக்காவலரின் துணைகொண்டே அவன் அக்குரோப்பொலிஸ் கோட்டையைக் கைப்பற்றித் தனியாட்சி செலுத்தலானான். இச்செய்தி எரோதோத்தஸ் என்னும் பழைய வரலாற்றாசிரியர் நூலிலும் உண்டு. புளூற்றாக் இதனோடு ஒன்று சேர்க்கின்றார். காயத்துடன் வந்தவனைக் கண்ட சோலன், ஹோமர் பாடிய ஒடிசியஸின் வேடத்தை நீ செம்மையாக ஆடவில்லை; அவன் தன்னைக் காயப்படுத்தியது பகைவரை ஏமாற்ற, நீ செய்வதோ உன் நகரத்தாரை ஏமாற்ற, என்று இடித்துரைத்தாராம். ஈண்டு 'வேடம் ஆடுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையே, பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் 'பாசாங்கு' என்னும் பொருளிற் புகுந்த சொல்லுக்கு அடியாயது.

வரலாற்று நோக்கில் இக்கதையை முழுவதும் நம்புதல் அரிது. புளூற்றாக் எழுதியது கி.பி. 100ஆம் ஆண்டையொட்டிய காலத்தில். சோலன் மறைந்து அப்பொழுது அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தெஸ்பிஸ் நாடகவிழாவில் தோன்றியதாக மரபு கூறும் காலம் கி.மு. 534ஐ ஒட்டியது, சோலன் அதற்குப் பல்லாண்டு முன்னரே இறந்தவர். எனினும் கதை பொருளற்றதன்று. பொய்த்தோற்றம் பற்றிக் கிரேக்கர் ஆண்ட சொற்களின் வரலாறு முழுவதிலும் சோலன் எழுப்பிய ஐயமே ஊடோடி நிற்கின்றது. மேடையிலாடும் பொய்யும் சபையிலாடும் பொய்யும் ஒன்றா, வேறா என்பதே அவ்வையம்.

மிகப் பழைய சான்றாகிய ஹோமரின் காப்பியங்களில் வஞ்சனை எங்கும் பழிக்கப்படவில்லை. 'டொலொஸ்' என்னுஞ் சொல் ஓரிடத்தில் மீன்பிடிப்போன் நீரிலிடும் இரையைக் குறிக்கின்றது. மற்றோரிடத்தில் திரோய் நகரை வீழ்த்திய மரக்குதிரையைக் குறிக்கின்றது. இரண்டும் ஒரே தன்மையன. வெளியே உணவு, உள்ளே முள். வெளியே காணிக்கை, உள்ளே படைவீரர். இதனோடு பிறிதொரு சொல்லும் வருகின்றது. 'மேற்றிஸ்' என்பது சூழ்ச்சியறிவு, இடமறிந்து வழிகாணும் நுண்மதி. ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று கூறித் தப்பிய கதை பலரும் அறிந்தது. 'யாருமில்லை' என்பதற்குக் கிரேக்கத்தில் அமையும் தொடர்களுள் ஒன்று 'மேற்றிஸ்' என்றே ஒலிக்கும். யாருமில்லை என்னும் பெயரே சூழ்ச்சியின் பெயராகவும் அமையும் இச்சிலேடையில் ஹோமர் களித்திருத்தல் வெளிப்படை.

ஒடிசியஸ் தன் தாயகமாகிய இதாக்காவில் வந்திறங்கியபொழுது அதெனா தேவி இடைச்சிறுவன் வடிவில் எதிர்ப்படுகின்றாள். அவன் தன்னைக் கிரேத்தா நாட்டிலிருந்து ஓடிவந்தவன் எனப் புனைந்து நீண்டதொரு பொய்க்கதை கூறுகின்றான். தேவி சினக்கவில்லை, புன்முறுவலுடன் அவனைத் தடவிக்கொடுத்து, வேடமிட்ட தானும் பொய்யுரைத்த அவனும் ஒரே கலையில் வல்லவர் என்று பாராட்டுகின்றாள். ஆயின், உள்ளத்தில் ஒன்று மறைத்து வாயால் வேறொன்று கூறுபவன் தனக்கு நரகவாயிலைப் போன்று வெறுப்புக்குரியவன் என்று அக்கிலீஸ் கூறுவதும் ஹோமரிடமே உளது. கூறப்படுவது யாரை நோக்கி? தூது வந்த அதே ஒடிசியஸை நோக்கி. கிரேக்க மனம் தொடக்கத்திலேயே இருகூறாயிருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஹெசியொட் பாடிய கடவுளர் பிறப்பில் 'அப்பற்றே', அஃதாவது ஏமாற்று, இரவின் மகளாகத் தோன்றுகின்றாள். அதே நூலின் தொடக்கத்தில், உண்மைபோன்ற பொய்களும் கூறவல்லோம், விரும்பின் உண்மையும் கூறவல்லோம் என்று கலைத்தெய்வங்களே இடையனாகிய புலவனிடம் சொல்கின்றன. தம் வாக்கின் ஊற்றே இத்தகையது எனப் புலவர் ஒளியாது கூறியது வியப்பேயாம்.

நகரங்களும் வாணிகமும் பெருகியபின் வஞ்சனைக்குப் புதிய உவமை ஒன்று கிடைத்தது. அது கள்ளக்காசு. 'கிப்டேலொஸ்' என்பது கலப்படமான உலோகத்தின் பெயர். மெகாரா நகரத்துப் புலவர் தியொக்னிஸ் இதனை நண்பர்மேல் ஏற்றினார். பொன்னிலும் வெள்ளியிலும் கலப்பை அறிதல் எளிது. நண்பன் நெஞ்சிலுள்ள கலப்பையறிய உரைகல் இல்லை என்பது அவர் குறை. காசின் கலப்பையறிய ஏதென்ஸ் நகரம் செய்த ஏற்பாடு கல்வெட்டாகவே கிடைத்துள்ளது. கி.மு. 375/4ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம் பொறித்த கல் 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியை அகழ்ந்தபொழுது வெளிப்பட்டது. பண்டைத் தமிழகத்தில் நாணயம் நோட்டஞ்செய்வோர் வண்ணக்கர் எனப்பட்டனர். அத்தகைய தொழிலுடைய அரச அடிமை ஒருவன் காசுமேசைகளின் நடுவே அமர்ந்து கொணரப்படும் வெள்ளிக்காசுகளைச் சோதிக்கவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி பூசிய காசாயின் அதனைக் குறுக்கே வெட்டிக் கடவுளரின் அன்னைக்குரிய கோயிலிற் சேர்த்துவிடவேண்டும். அவன் தன் இருக்கையில் இராது ஒழியின் தண்டனை 50 கசையடி. வெள்ளிமுகம் காட்டிய செம்பு மீண்டும் ஒருவர் கைக்குச் செல்லாதிருத்தற்கு இத்துணை ஏற்பாடு.

சொல்லாற் செய்யும் கள்ளத்துக்கு இத்தகைய மேசை இல்லை; ஆயினும் சட்டம் இருந்தது. மக்களவை கூடும்போதெல்லாம் முரசறைவோன் எழுந்து, மக்களை ஏமாற்றிப் பேசுவோன் அழிக என்று சாபமிட்ட பின்னரே உரைகள் தொடங்கின. மக்களை ஏமாற்றுதல் என்பது வழக்குத் தொடுக்கத்தக்க குற்றமாயிற்று. மரத்தோன் போரில் வென்ற மில்தியாதீஸ், இன்ன இடமென்று கூறாமலே 70 கப்பல்களைக் கேட்டுப்பெற்று, செல்வம் கொணர்வேன் என வாக்களித்துப் பாரொஸ் தீவின்மேற் சென்று தோல்வியுற்றுத் திரும்பினார். கி.மு. 489இல் அவர்மீது சந்திப்பஸ் தொடுத்த வழக்கு ஏதென்ஸ் மக்களை ஏமாற்றினார் என்பதே. தொடை அழுகிய நிலையில் கட்டிலிற் கிடந்தவாறே அவர் மன்றுக்குக் கொணரப்பட்டார். உயிர் தப்பியது, 50 தாலந்து தண்டம் விதிக்கப்பட்டது, சிறிது காலத்தில் அவர் இறந்தார். தண்டத்தைச் செலுத்தியவர் அவர் மைந்தர் கீமோன். வென்ற தளபதிக்கு இது கொடிய முடிவென்று தோன்றலாம். ஆனால் அந்நகரத்தார் நினைவில் பீசிஸ்திராத்தஸின் காயங்கள் ஆறவில்லை. அவன் ஒருமுறை நாடுகடத்தப்பட்டு மீண்டபொழுது, பியே என்னும் நெடிய பெண்ணொருத்திக்குக் கவசமணிவித்துத் தேரிலேற்றி, அதெனா தேவியே அவனை அழைத்து வருகின்றாள் என்று கட்டியங் கூறுவித்தான். நகரம் நம்பி வணங்கியது. கிரேக்கருள்ளும் அறிவில் முதல்வர் எனப்பட்ட ஏதென்ஸ் மக்களிடம் இப்பேதைமைச் சூழ்ச்சி பலித்ததே என்று எரோதோத்தஸ் வியக்கின்றார்.

இனி நடிகனைக் குறிக்குஞ் சொல்லை நோக்குவோம். 'ஹுப்பொக்கிரிற்றேஸ்' என்பது அது. இதன் வினையடி ஹோமரிடம் நடிப்பைக் குறிக்கவில்லை; நிமித்தத்துக்கோ கனவுக்கோ பொருள் விரித்தலைக் குறித்தது. தன் முற்றத்தில் இரைதின்ற 20 வாத்துகளைக் கழுகொன்று கொன்றதாகக் கனவுகண்ட பெனலொப்பே, அதற்குப் பொருள் கூறுமாறு ஒரு பிச்சைக்காரனிடம் கேட்கின்றாள். அவள் வாயில் வருவது இவ்வினைச்சொல்லே. கேட்கப்பட்ட பிச்சைக்காரன், வேடத்தில் வந்த அவள் கணவன் ஒடிசியஸ். பிற்காலத்தில் இச்சொல் எய்திய பொருளை அறிந்து படிப்போர்க்கு இவ்விடம் நகைப்பையும் வியப்பையும் ஒருங்கே தரும். ஹோமர் அதனை அறிந்திருக்க வழியில்லை. எரோதோத்தஸ் எழுதிய அயோனிய வழக்கில் அதே வினை 'விடைகூறுதல்' எனப் பொருள்பட்டது. ஆகவே நடிகனுக்கு இப்பெயர் வந்தது பாடற்குழுவினர்க்கு விடைகூறுபவன் என்பதாலா, புலவன் வாக்கை விளக்குபவன் என்பதாலா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எவ்வாறாயினும் அதில் இழிவு சிறிதுமில்லை. ஐஸ்கிலஸ் இரண்டாம் நடிகரையும் சொபொக்கிலீஸ் மூன்றாம் நடிகரையும் புகுத்தினர் என்பது அரிஸ்டோட்டில் தரும் செய்தி. கி.மு. 449ஐ ஒட்டித் தயொனிசியப் பெருவிழாவில் துன்பியல் நடிகர்க்கெனத் தனிப்பரிசும் ஏற்பட்டது. மூவரே முகமூடி மாற்றி மாற்றி அரசனும் அரசியும் தூதனும் கடவுளுமாகத் தோன்றினர். அம்முகமூடிக்குப் பெயர் 'புரோசோப்பொன்'. அச்சொல்லின் இயற்பொருள் முகம். முகத்துக்கும் முகமூடிக்கும் கிரேக்கர் வேறு சொல் தேடவில்லை என்பதை மனத்திற் கொள்க.

கி.மு. 427இல் சிசிலித் தீவிலிருந்து தூதராக ஏதென்ஸ் வந்த கோர்கியாஸ் என்னும் சொல்வல்லார், சோலனின் வினாவுக்குத் துணிந்து விடை கூறினார். துன்பியல் நாடகம் ஒருவகை ஏமாற்றே. ஆயினும் அதில் ஏமாற்றுபவன் ஏமாற்றாதவனினும் நேர்மையுடையவன், ஏமாறுபவன் ஏமாறாதவனினும் அறிவுடையவன் என்பது அவர் கருத்தாகப் புளூற்றாக் குறித்துள்ளார். வாக்களித்தபடி மயக்கமூட்டியவன் தன் கடமையைச் செய்தான். அதில் மயங்கத்தக்க நுண்ணுணர்வு உடையவனே கலையறிந்தவன். ஆட்டமென்று இருபாலாரும் அறிந்திருக்கும்வரை அது பொய்யன்று, ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளுள் இப்பொய் நுழையுமென்று அஞ்சிய சோலனுக்கு, நாடகமே ஓர் உடன்படிக்கைதான் என்று கோர்கியாஸ் கூறியதாகக் கொள்ளலாம்.

பிளேற்றோ இதனை ஏற்கவில்லை. தொலைவினின்று பார்ப்போர்க்குப் பருப்பொருள்போல் தோன்றுமாறு ஒளியும் நிழலும் கூட்டி எழுதும் ஓவியம் அக்காலத்தில் 'ஸ்கியாகிராபியா', அஃதாவது நிழலோவியம், எனப்பட்டது. இச்சொல்லைப் பிளேற்றோ ஒழுக்கத்தின்மேல் ஏற்றுகின்றார். 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் இளைஞர் இவ்வாறு வாதிடுகின்றார்: நீதியாய் இருத்தலினும் நீதியாய்த் தோன்றுதலே பயன் தருமாயின், வீட்டின் முன்புறத்தில் அறத்தின் நிழலோவியத்தைத் தீட்டிவைத்து, பின்புறத்தில் நரியை இழுத்துச் செல்வதன்றோ அறிவுடைமை? அநீதியின் உச்சநிலை, நீதியில்லாதவன் நீதிமானாகத் தோன்றுவதே என்பதும் அப்பகுதியிலேயே வருகின்றது. பாசாங்கு என்னும் தீமையை இவ்வளவு துல்லியமாக வகுத்துரைத்தவர் அதற்கு முன் இலர். ஆயினும் அத்தீமைக்குப் பிளேற்றோ நடிகன் பெயரைச் சூட்டவில்லை. ஓவியன் தொழிலையே உவமையாக்கினார். எல்லா வேடமும் ஏற்கவல்ல புலவன் நகருக்கு வந்தால் தலையில் நறுநெய் பூசி மாலை சூட்டி வேற்றூருக்கு அனுப்பிவிடலாம் என்று கூறியவரும் அவரே. அதே நூலில் குடிகளின் ஒற்றுமைக்காக ஆள்வோர் கூறத்தக்க பொய்யொன்றையும் அவரே படைத்துத் தருகின்றார். பிளேற்றோவைப் போற்றுவோர் இவ்விடத்தைத் தாண்டுதற்குப் படும் பாடு பெரிது.

'ஏய்ரோன்' என்னுஞ் சொல்லையும் ஒருவாறு குறித்துச் செல்லலாம். தமிழில் ஏய்த்தல் என்னும் வினையோடு ஒலி ஒத்திருத்தல் கண்டு உறவு கற்பித்தல் வேண்டா. அத்தகைய ஒப்புமைகள் தற்செயலானவை. தன் அறிவையும் ஆற்றலையும் மறைத்து இல்லையெனக் காட்டுபவன் ஏய்ரோன். அரிஸ்தோபனீஸின் நகை நாடகத்தில் இது வெறும் வசை. சோக்கிரதீஸ் ஒன்றும் அறியேன் என்று கூறியபொழுது திராசிமாக்கஸ் அவர்மேல் எறிந்ததும் இவ்வசையே. இல்லாததை உண்டெனக் காட்டும் தற்பெருமைக்காரனை ஒருபுறமும், உள்ளதை இல்லையெனக் காட்டுபவனை மறுபுறமும் நிறுத்தி, நடுவே உண்மையாளனை வைத்தார் அரிஸ்டோட்டில். ஆயினும் சோக்கிரதீஸை நினைந்து இரண்டாமவனிடம் சற்றே இரக்கங் காட்டினார். அளவிறந்த எளிமையுங்கூடத் தற்பெருமையாதலுண்டு எனக் கூறி ஸ்பார்ட்டா மக்களின் உடையை அவர் எடுத்துக்காட்டியது கூர்மையான நோக்கு.

நடிகன் பெயருக்கு மாசு கற்பித்ததில் அரசியற் பகைக்குப் பங்குண்டு. தெமொஸ்தனீஸின் பகைவராகிய ஐஸ்கினீஸ் இளமையில் நாடக நடிகர். கி.மு. 343இல் நடந்த வழக்கிலும், பின்னர் கி.மு. 330இல் முடிமாலை பற்றி நடந்த வழக்கிலும் தெமொஸ்தனீஸ் இதனை விட்டுவைக்கவில்லை. மூன்றாந்தர வேடக்காரன் என்று மீண்டும் மீண்டும் இகழ்ந்தார். மேடையில் கிரெயோன் அரசனாக நாட்டுப்பற்றுப் பேசியவன் தூதனாகச் சென்று நாட்டைக் காட்டிக்கொடுத்தான் என்றார். கி.மு. 330இல் ஐஸ்கினீஸ் ஐந்திலொரு பங்கு வாக்கும் பெறாது தோற்று நகரைவிட்டு அகன்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொற்பொழிவுக்கு முதன்மையானது யாது என வினவியபொழுது, முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் 'ஹுப்பொக்கிரிசிஸ்' என்று தெமொஸ்தனீஸ் விடையளித்ததாக வழங்கும். குரலும் மெய்ப்பாடும் அமையப் பேசுந்திறம் என்பது அச்சொல்லின் பொருள். அது நடிகன் தொழிற்பெயரே. அத்திறத்தை அவர் கற்றதும் சத்திரஸ் என்னும் நடிகரிடத்தில் என்பர்.

இவ்வளவு நடந்தும் கிரேக்க நாட்டில் அச்சொல் முற்றிலும் கெட்டுவிடவில்லை. கெட்டது கிரேக்கம் பேசிய யூதரிடையே. யோபு நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில், இறைநெறி பிறழ்ந்தவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு நேராக 'ஹுப்பொக்கிரிற்றேஸ்' நிற்கின்றது. இம்மாற்றத்தின் பொருளை உள்ளவாறு உணர்த்துவது மக்கபேயரின் இரண்டாம் நூலில் வரும் எலெயாசரின் வரலாறு. அந்தியோக்கஸ் மன்னன் கி.மு. 167ஐ ஒட்டி யூதரை அவர்தம் நெறி துறக்குமாறு வற்புறுத்தியபொழுது, 90 வயதுடைய அம்முதியவர் பன்றியிறைச்சி உண்ணுமாறு பணிக்கப்பட்டார். மறுத்தார். அவரை நெடுநாள் அறிந்த அதிகாரிகள் அன்பினால் அவரைத் தனியே அழைத்து, உமக்கு ஏற்ற இறைச்சியை நீரே கொண்டுவந்து, அரசன் ஆணையிட்டதை உண்பதுபோல் காட்டிவிடும், உயிர் பிழைப்பீர் என்றனர். உண்ணவேண்டுவதில்லை, நடித்தால் போதும். அம்முதியவர் கூறிய மறுமொழியில் இவ்வினைச்சொல் நிற்கின்றது. நடிப்பது தம் வயதுக்குத் தகாதென்றும், சிலநாள் உயிர்வாழ்வுக்காகத் தாம் நடித்த நடிப்பைக் கண்டு இளைஞர் வழிதவறுவர் என்றும் கூறி அவர் அடிபட்டு இறந்தார். தெஸ்பிஸின் விளையாட்டு இங்கே விளையாட்டன்று. காண்போர் நடிப்பென்று அறியார். அறியாமையாலேயே அது பொய்யாகின்றது.

நற்செய்தி நூல்களில் வரும் கண்டனங்கள் இவ்வழக்கின் தொடர்ச்சியே. காண்போர் பொருட்டு ஈவோரையும் தெருமுனையில் நின்று தொழுவோரையும் அவை இச்சொல்லாற் சாடுகின்றன. சிரிய மொழிபெயர்ப்பாளர் நாடக மணம் கெடாதவாறு 'முகம் எடுப்போர்' என்றனர். தமிழ் விவிலியத்தில் நிலைபெற்ற 'மாயக்காரர்' என்பது மேடையை விட்டு மாயத்தை நாடிச் சென்றது. தமிழில் 'வேடதாரி' என்னும் வழக்கும் உண்மையின் அதுவும் பொருந்தியிருக்கும்.

ஏறக்குறைய அதே காலத்தில், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எப்பிக்தேற்றஸ் என்னும் மெய்யறிஞர் இச்சொல்லை முற்றிலும் தூய பொருளில் ஆண்டார். வாழ்வு ஒரு நாடகம்; நீ அதில் நடிகன்; இரவலனோ முடவனோ ஆள்வோனோ, தரப்பட்ட முகமூடியை ஏற்று நன்கு ஆடுதலே உன் கடன், தேர்ந்தளித்தல் பிறிதொருவர்க்குரியது என்பது அவர் அறிவுரை. நடிகனும் முகமூடியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதன்பின் அவ்விரு சொற்களும் வழி பிரிந்தன. நடிகன் பெயர் இலத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் வசையாகச் சென்றது. முகமூடியின் பெயரோ ஏற்றம் பெற்றது. இலத்தீனர் தம் நாடக முகமூடியைப் 'பெர்சோனா' என்றனர். அது அவர்தம் சட்டத்தில் உரிமையுடைய ஆளைக் குறித்தது. கி.பி. 451இல் கால்சிதோனிற் கூடிய திருச்சபைப் பேரவை கிறிஸ்துவின் இயல்பை வரையறுத்தபொழுது ஆண்ட சொற்களுள் 'புரோசோப்பொன்' ஒன்று. கிரேக்க இலக்கண ஆசிரியரும் பேசுவோன், கேட்போன், பேசப்படுபொருள் என்னும் மூன்றினையும் அச்சொல்லாலேயே வழங்கினர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பவற்றைத் தமிழிலக்கணத்தார் மூவிடம் என்றனர். கிரேக்கர்க்கு அவை மூன்று முகங்கள், அல்லது மூன்று முகமூடிகள்.